வரிப்பணத்தில் முளைத்தவை: உங்களுக்குத் தெரியுமா?

● ஓட்டுப் போட்டதும் இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கோடு இழுக்கிறார்களே, அந்த மை எங்கே பிறந்தது தெரியுமா? டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில். மையில் இருக்கும் சில்வர் நைட்ரேட் தோலில் உள்ள உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துப்போகும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. பழைய தோல் உதிர்ந்து, நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். அரசு ஆய்வகம் கண்டுபிடித்த இந்தச் செய்முறைக்கான உரிமத்தை, 1953இல் தொடங்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்தின் வழியாக மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம் பெற்றது. அதுவும் கர்நாடக அரசின் நிறுவனமே. 1962 பொதுத் தேர்தலில் முதன்முதலாக இந்த மை விரலில் ஏறியது. இன்று 25க்கும் மேற்பட்ட வெளிநாடுகளுக்கும் போகிறது. வரி கட்டியவரின் பணத்தில் கண்டுபிடித்த பொருள் அவர் விரலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. எல்லாக் கண்டுபிடிப்புக்கும் இவ்வளவு நேரான வழி அமைவதில்லை.

● 1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். ஒரு விவசாயி தன் லாரியில் செத்துப்போன கிடேரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனப்புல்லையும் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓட்டி வந்தார். அவர் தேடி வந்த கால்நடை அலுவலகம் பூட்டியிருந்தது. திறந்திருந்த கதவு, மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் நடத்திவந்த உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்துடையது. கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை. மாடுகள் ஏன் ரத்தம் ஒழுகிச் சாகின்றன என்பதே விவசாயியின் கேள்வி. தீவனத்தை மாற்றுங்கள் என்பதற்கு மேல் அன்று அவருக்குச் சொல்லப் பதில் இல்லை.

அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடம் பிடித்தது. அதிலிருந்து உருவாக்கிய வேறொரு சேர்மம் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கான மருந்தாகவும் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். இதயத்தில் வால்வு மாற்றியவர்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியில் இன்றும் அது இருக்கும்: வார்ஃபரின்.

● ‘வார்ஃபரின்’ என்ற பெயரில் உள்ள ‘வார்ஃப்’ என்ன? விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள். பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கி, வரும் வருமானத்தை மறுபடி ஆராய்ச்சிக்கே தருவதற்காக 1925இல் தொடங்கிய அமைப்பு அது. அதற்கு வித்திட்டவர் ஹாரி ஸ்டீன்பாக். உணவின் மேல் புற ஊதா ஒளி பாய்ச்சினால் வைட்டமின் டி பெருகும் என்று கண்டவர். குழந்தைகளின் எலும்பை வளைத்த ரிக்கெட்ஸ் நோயை விரட்ட வழி செய்த கண்டுபிடிப்பு. தன் கைப்பணம் 300 டாலரைப் போட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஓட்ஸ் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொல்லியும் விற்கவில்லை.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. விஸ்கான்சின் பால் மாநிலம். வெண்ணெய்தான் அங்கே பெரிய வியாபாரம். வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மார்ஜரின் தயாரிப்பாளர்களுக்கு மட்டும் அறக்கட்டளை உரிமம் தர மறுத்தது. வெண்ணெய் வாங்க வசதியில்லாத வீடுகள் பயன்படுத்தியது மார்ஜரினைத்தான். ரிக்கெட்ஸ் அதிகம் தாக்கியதும் அந்த வீட்டுக் குழந்தைகளைத்தான். 1940களில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதிகள் இதைக் கடுமையாகச் சுட்டிக்காட்டினார்கள். காப்புரிமையும் செல்லாது என்று தீர்ப்பானது. நல்ல எண்ணத்தில் தொடங்கிய ஓர் அமைப்பு யாருக்குக் கொடுக்கிறது, யாருக்கு மறுக்கிறது என்பதையும் கவனித்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

● விளையாட்டு வீரர்கள் குடிக்கும் ‘கேட்டரேட்’ பானம் ஒரு மூத்திரக் கேள்வியிலிருந்து வந்தது. 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் உதவிப் பயிற்சியாளர், சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம், “எங்கள் பையன்கள் ஆட்டம் முடிந்தும் ஏன் ஒன்றுக்கே போவதில்லை?” என்று கேட்டார். எல்லாம் வியர்வையாகப் போய்விடுகிறது என்பதே பதில். தண்ணீர், சர்க்கரை, உப்பு கலந்து கேட் தயாரித்த முதல் கலவையை வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சை பிழிந்து பாருங்கள் என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி. வெயிலில் வந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதாக இருக்காது.

பானத்தின் உரிமையை முதலில் பல்கலைக்கழகத்திடமே கொண்டுபோனார்கள். அது முன்வரவில்லை. தனியார் கம்பெனியிடம் போய் விற்பனை சூடுபிடித்ததும், பல்கலைக்கழகமும் மத்திய அரசும் பங்கு கேட்டு வந்தன. வழக்காடி, கடைசியில் சமரசமாகி, ராயல்டியில் 20 சதவீதம் பல்கலைக்கழகத்துக்கு என்று முடிவானது. அந்த 20 சதவீதமே இதுவரை 25 கோடி டாலருக்கும் மேல் தந்திருக்கிறது.

● இன்சுலின் காப்புரிமை என்ன விலைக்குப் போனது தெரியுமா? மூன்று டாலர். 1923இல் பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இலவசமாகத் தருவதென்றால் காப்புரிமையே வாங்காமல் விட்டிருக்கலாமே என்று தோன்றும். விட்டிருந்தால் வேறு யாராவது வாங்கி மற்றவர்களைத் தடுத்துவிடுவார்கள். அரைகுறையாகத் தயாரித்து விற்கவும் செய்வார்கள். பூட்டு வாங்கியது தாங்கள் பூட்டிக்கொள்ள அல்ல, வேறொருவர் பூட்டிவிடாமல் இருக்கத்தான்.

● அப்படிப் பூட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975இல் கேம்பிரிட்ஜில் நடந்ததே உதாரணம். மில்ஸ்டைன், கோலர் இருவரும், ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வகம் அது. முழுக்க மக்கள் பணம். காப்புரிமை வாங்க வேண்டிய அரசுக் கழகத்துக்குத் தகவல் போனது. உடனடிப் பயன் எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது. அதே முறையில் உருவான எதிர்ப்பொருட்களுக்குச் சில ஆண்டுகளில் அமெரிக்காவில் வேறு விஞ்ஞானிகள் காப்புரிமை வாங்கினார்கள். 1984இல் கேம்பிரிட்ஜ்காரர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரதமர் தாட்சருக்கு இந்தக் காப்புரிமை இழப்பு பெரிய வருத்தம். புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் இன்று போடும் எத்தனையோ விலையுயர்ந்த ஊசிகள் அந்த வழியில் வந்தவைதான்.

● ஆராய்ச்சி மாணவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: கட்டுரை முதலில் வெளிவந்துவிட்டால் காப்புரிமை கைநழுவலாம். மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை ஸ்டான்ஃபோர்டின் கோஹெனும் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் காப்புரிமை வேலையைப் பார்த்த நீல்ஸ் ரீமர்ஸுக்குச் செய்தித்தாள் படித்துத்தான் விஷயமே தெரிந்தது. அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டு கெடு முடியச் சில நாட்களே இருந்தபோது, 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பித்தார். வெளியீட்டுக்குப் பிறகு அவகாசமே தராத மற்ற நாடுகளில் உரிமை போனது போனதுதான்.

மிஞ்சிய அமெரிக்க உரிமையை ஒரே கம்பெனிக்கு மட்டும் கொடுத்துவிடாமல், கட்டணம் கட்டும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 468 கம்பெனிகள் வாங்கின. 1997இல் காப்புரிமை முடிவதற்குள் 25 கோடி டாலருக்கு மேல் வந்தது. பாயரும் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளைஞரும் ஆளுக்கு 500 டாலர் போட்டு 1976இல் தொடங்கிய ஜெனென்டெக், பாக்டீரியாவிலிருந்து மனித இன்சுலின் எடுத்தது. மாட்டின், பன்றியின் கணையத்தை நம்பியிருந்த நிலை அதோடு மாறத் தொடங்கியது.

● 1980க்கு முன் அமெரிக்க அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் கிடந்தன. அவற்றில் உரிமம் பெற்றுப் பயன்பாட்டுக்குப் போனவை 5 சதவீதம்கூட இல்லை. எல்லாருக்கும் சொந்தம் என்பதால் யாரும் முதலீடு செய்யவில்லை. 1980 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான பே-டோல் சட்டம் இதை மாற்றியது. அரசுப் பணத்தில் கண்டுபிடித்தாலும் உரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம். ராயல்டியில் கண்டுபிடித்தவருக்குப் பங்கு தர வேண்டும். மீதியை ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் செலவிட வேண்டும். உரிமம் வாங்கிய கம்பெனி பொருளை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் அரசு தலையிட்டு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்ற ஷரத்தும் அதில் இருக்கிறது. முதல் 40 ஆண்டுகளில் ஒரு முறைகூட அரசு அந்த ஷரத்தைக் கையில் எடுக்கவில்லை. மருந்து விலை உயிர்போகும் விஷயமாக இருக்கும்போதும் எடுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

● கூகுள் தேடலின் அடிப்படைக் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில் பதிவானது. லாரி பேஜும் செர்கெய் பிரின்னும் அங்கே ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களின் வேலைக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளைப் பணமும் உதவியது. உரிமத்துக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் பங்குகள் வாங்கியது. 2005இல் விற்றபோது கிடைத்தது 33.6 கோடி டாலர்.

● காசநோய்க்கு வந்த முதல் நல்ல மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில் அதை மண்ணிலிருந்து பிரித்தெடுத்தவர் 23 வயது மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ். காசநோய்க் கிருமியோடு வேலை என்பதால் அடித்தள ஆய்வறையில் ஒதுங்கி, ராவும் பகலும் அங்கேயே கிடந்தார். காப்புரிமையில் தனக்குள்ள உரிமையை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார், பேராசிரியர் வாக்ஸ்மனும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார் என்று நம்பி. ராயல்டியில் ஒரு பகுதி பேராசிரியருக்குப் போய்க்கொண்டிருப்பது பிறகுதான் தெரிந்தது. 1950இல் வழக்குப் போட்டார். அவரும் சேர்ந்தே கண்டுபிடித்தார் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ராயல்டியில் 3 சதவீதப் பங்கும் கிடைத்தது. 1952 நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே போனது. ஆய்வுக்கூடத்தில் இரவெல்லாம் கண் விழிக்கும் மாணவரின் பெயரைக் காப்புரிமைத் தாளில் எழுதுவது யாரும் காட்டும் சலுகை இல்லை, அது அவர் உரிமை.

● 2001. எய்ட்ஸ் மருந்துகளுக்கு ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன காலம். தென்னாப்பிரிக்காவில் மருந்தில்லாமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்ட மருந்துகளில் ஒன்று ஸ்டாவுடின். அதை 1960களில் டெட்ராய்டில் முதலில் தயாரித்தவர் ஜெரோம் ஹார்விட்ஸ். அப்போது அது புற்றுநோய் ஆராய்ச்சி. எய்ட்ஸ் கிருமியை அது தடுக்கும் என்று காட்டியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ப்ரூசாஃபும் லின்னும். காப்புரிமை யேலுக்கு, விற்பனை உரிமம் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனிக்கு.

‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு யேலுக்குக் கடிதம் எழுதியது: மலிவான நகல் மருந்தைத் தென்னாப்பிரிக்காவில் அனுமதியுங்கள். உரிமத்தைக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் இல்லை என்றது பல்கலைக்கழகம். மாணவர்கள் விடவில்லை. ப்ரூசாஃபே தன் மருந்து ஏழைகளுக்குப் போய்ச்சேர வேண்டும் என்று கேட்டார். ஒரே மாதத்தில், 2001 மார்ச்சில், கம்பெனி இறங்கிவந்தது. நம் ஊர்க் கம்பெனியான சிப்லா மூன்று மருந்துச் சேர்க்கையை வருடத்துக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்ததும் அந்த நாட்களில்தான்.

ஆய்வு வெளியே போக வேண்டும். கம்பெனி இல்லாமல் மருந்து மாத்திரையாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உரிமத்தில் கையெழுத்திடும் அன்றே, ஏழை நாடுகளில் என்ன விலை என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கடிதமும் போராட்டமும் தேவைப்பட்டிருக்காது. இடைப்பட்ட நாட்களில் இறந்தவர்களை நினைத்தால் அந்த ஒரு வரியின் கனம் தெரியும்.

● கோவிட் தடுப்பூசிக்கு வழிகாட்டிய கட்டலின் கரிக்கோவை, 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பதவியிறக்கம் செய்தது. எம்.ஆர்.என்.ஏ. ஆராய்ச்சிக்கு அவர் கேட்ட நிதியெல்லாம் மறுக்கப்பட்டிருந்தது. அங்கேயே தங்கி, ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் 2023இல் நோபல் பரிசு தந்தது. தடுப்பூசி செய்த பயோஎன்டெக் கம்பெனி, ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008இல் தொடங்கியது.

● ஆப்பிள் பழத்துக்கும் காப்புரிமை உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட ‘ஹனிகிரிஸ்ப்’ ரகத்தை ஆரம்பத்தில் வெட்டி எறியக் குறித்து வைத்திருந்தார்கள். புதிதாக வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விட்டுவைத்தார். விற்ற கன்று ஒவ்வொன்றுக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு வந்தது, 2008இல் காப்புரிமை முடியும்வரை.

● ஸ்வராஜ் டிராக்டர் துர்காபூரில் உள்ள மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆய்வகத்தில் வடிவமைக்கப்பட்டது. வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்காமல் நம்மவர்களே செய்த வண்டி. 1974இல் பஞ்சாபிலிருந்து விற்பனைக்கு வந்தது. எருமைப் பாலிலிருந்து குழந்தை உணவு தயாரிக்கும் முறை, மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து அமுலுக்குப் போனது.

● சென்னை ஐ.ஐ.டி.யின் ரிசர்ச் பார்க் 2010இல் தரமணியில் திறந்தது. பல்கலைக்கழகமும் கம்பெனியும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இப்படி ஓர் இடம் இந்தியாவில் அதுதான் முதல். அதன் பின்னால் இருந்த பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, அதற்கு முன்பே கம்பி இழுக்காமல் கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுபோகும் ‘கார்டெக்ட்’ தொழில்நுட்பத்தைத் தம் மாணவர்கள் தொடங்கிய மைதாஸ் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியவர். பேராசிரியர் நடந்தே போய்ப் பார்க்கும் தூரத்தில் கம்பெனி இருந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பதை அந்த அனுபவத்தில் படித்தவர்கள் கட்டிய இடம் அது. ஓசூரில் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏதர், அதே ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013இல் தொடங்கியது. 2025இல் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது.

● 2024 மே 30 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ‘அக்னிபான்’ ராக்கெட்டும் ஐ.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த பிள்ளைதான். ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் இருவரும் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியோடு சேர்ந்து நடத்தும் அக்னிகுல் கம்பெனியுடையது. எஞ்சின் முழுவதும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வந்தது. பற்றவைப்பு (வெல்டிங்) இல்லை, மூட்டு இல்லை.

● குடிநீரில் பூச்சிமருந்து இருந்தால் கொதிக்கவைத்தாலும் போகாது. வெள்ளியை மிக நுண்ணிய துகளாக்கி அதன் வழியே தண்ணீரை விட்டால் பூச்சிமருந்து சிதைந்துபோகும் என்று ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு கண்டது. 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் அதை வடிகட்டியில் வைத்து விற்றது. அந்த அனுபவத்தில் அவர்கள் அடுத்துச் செய்த ‘அம்ருத்’, ஆர்சனிக் கலந்த கிணற்றுநீரை நம்பியிருந்த மேற்கு வங்க ஊர்களுக்குப் போனது. அங்கே வீட்டுக்கு வீடு வாங்கும் வாடிக்கையாளர் கிடையாது. அரசும் ஊரும் சேர்ந்து நிறுவ வேண்டும். சந்தை இல்லாத இடத்துக்கும் ஆய்வு போயாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இருப்பதால்தான் அது நடந்தது.

● அமெரிக்காவின் பே-டோல் போல நமக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் மசோதா வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, சட்டமாகாமலே போய்விட்டது. எனவே யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இங்கே ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் விதியில்தான் எழுதி வைத்திருக்கிறது. சேரும்போதே அந்த விதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், மாணவர்களே. இன்னொரு நல்ல செய்தி: 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் சலுகை. “பணம் இல்லை” என்று கல்லூரி சொன்னால் இதை எடுத்துக் காட்டலாம்.

● கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சிப்பொறியைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பெல்லாம் சிறு துளை போட்ட ஒரு குழாய், அடியில் ஒரு கூம்பு, அவ்வளவுதான். தானியத்துக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கூம்புக்குள் விழும், ஏற முடியாது. மருந்து இல்லை, கரண்ட் இல்லை. முதல் நாள் இரவு செருகிய குழாயைக் காலையில் உருவிக் கூம்பைக் கழற்றித் தட்டினால், கறுப்பாக வண்டுகள் தரையில் ஊர்ந்து ஓடும்.

● அதே பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக்கை ஊரில் எங்கள் பெரியப்பா கட்டுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மரத்தைச் சுற்றி மண்ணைப் பறித்து, பென்சில் கனத்தில் உயிருள்ள இளம் வேர் ஒன்றைத் தேடுவார். செத்த வேரை விரலால் தொட்டே சொல்லிவிடுவார். நுனியைச் சாய்வாகச் சீவி, 200 மில்லி கரைசல் ஊற்றிய பாலிதீன் பைக்குள் விட்டு, நூலால் இறுக்கிக் கட்டி மண்ணை மூடுவார். மறுநாள் வந்து தோண்டிப் பார்த்தால் பை சுருங்கிக் கிடக்கும்; அத்தனையையும் மரம் குடித்திருக்கும். அதைக் கையில் தூக்கிப் பிடித்து, “குடிச்சிட்டா பாரு” என்பார். குரும்பை கொட்டுவது குறைந்த பிறகு பக்கத்துத் தோப்புக்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். பெரியப்பா நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.